ஏ.வி.எம். செட்டியார் வெறும் வியாபாரிதானா? ரங்கூனிலிருந்து ஒரு விவாத இழை

மோல்மேன் தம்பி கேட்டது, 6 ஜனவரி 2019

ரங்கூன் அண்ணனுக்கு ஒரு கேள்வி. ஏ.வி. மெய்யப்ப செட்டியாரைச் சினிமா மேதை என்று எல்லோரும் சொல்கிறார்கள். படிக்கப் படிக்க அவர் கெட்டிக்கார வியாபாரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மற்ற செட்டியார்கள் நம்ம பர்மாவில் நெல்லுக்கும் நிலத்துக்கும் போட்ட மூலதனத்தை அவர் படத்துக்குப் போட்டார். அவ்வளவுதானே?

6 ஜனவரி 2019, இரவு 10 மணி

தம்பி, அந்த "அவ்வளவுதானே" என்னைத் தூங்கவிடவில்லை. எழுந்து வந்து எழுதுகிறேன்.

மெய்யப்ப செட்டியார் 1907 ஜூலை 28 அன்று காரைக்குடியில் பிறந்தவர். அப்பா ஆவிச்சி செட்டியாருக்கு அங்கே ஏ.வி. அண்ட் சன்ஸ் என்று ஒரு கடை. அதில் கிராமபோன் இசைத்தட்டும் விற்றார்கள். பையன் சின்ன வயதிலேயே கடையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ பதிவு செய்து அனுப்பும் தட்டை விற்பதைவிட நாமே பதிவு செய்து விற்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. சென்னைக்குப் போய், கூட்டாளிகளைச் சேர்த்து, சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். ஓடியன் இசைத்தட்டுகள் தென்னிந்தியாவில் அவர்கள் வழியாகத்தான் பரவின. படத்துக்கு வந்தது அதற்கு அப்புறம்தான்.

என் அப்பாவும் இசைத்தட்டு விற்றவர். 1950களில் இங்கே 29ஆம் தெருவில் ஒரு சின்னக் கடை. தட்டு, ஊசி, ரேடியோ வால்வு, இவ்வளவுதான் சரக்கு. கடைக்கு வருகிறவர் ஒரு தட்டைப் போட்டுக் காட்டச் சொல்வார். இரண்டு வரி ஓடும். முகம் மலர்ந்தால் வாங்குவார், இல்லாவிட்டால் "வேற காட்டுங்க" என்பார். அந்த இரண்டு வரிக்குள் ஆளுடைய முகத்தில் நடப்பதைப் படிப்பதுதான் தொழில் என்று அப்பா சொல்வார். செட்டியாரைப் பற்றிப் பேச்சு வந்தால் "அவரும் நம்மளப் போலத் தட்டு வித்தவர்தான்டா" என்பார். அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் ஒரு பெருமை இருக்கும். தனக்கே ஏதோ பட்டம் கொடுத்ததுபோல.

அதனால் "வியாபாரிதானே" என்று நீங்கள் தள்ளிவிடுவதை நான் அப்படியே தூக்கி வைத்துக்கொள்கிறேன். ஆமாம், வியாபாரிதான். அவருடைய கலை அந்தக் கடைப்பலகையில் பிறந்தது என்பது என் கட்சி. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

7 ஜனவரி 2019

கடையில் கூட்டம். சின்னதாக ஒன்று மட்டும்.

ஏ.வி.எம். என்ற மூன்றெழுத்தைப் பார்த்தாலே எங்கள் தாத்தாவுக்கு விலாசம் மாதிரிதான் தெரியுமாம். தாத்தா மொகல் தெருவில் (இப்போதைய ஷ்வே பொந்தா தெரு) ஒரு செட்டியார் கிட்டங்கியில் (பல வட்டிக்கடைகள் ஒரே கூரையின் கீழ் இருந்த கட்டடம்) எடுபிடியாக இருந்தவர். அங்கே ஒவ்வொரு கடைக்கும் பெயர்ப்பலகை கிடையாது. முன்னோர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு விலாசம், அதுதான் அடையாளம், அதுதான் நாணயம். ஹுண்டியில் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) அந்த எழுத்துகளைப் பார்த்தால் பணம் நிச்சயம். ஆவிச்சியின் மகன் மெய்யப்பன், ஏ.வி.எம். படத்தின் முதலில் அந்த மூன்றெழுத்து வரும்போது ஜனங்களுக்கு வந்த நம்பிக்கையும் அதே ரகம்தான்.

9 ஜனவரி 2019

தட்டோன் ஊர் அண்ணன் சரியான இடத்தில் பிடித்துவிட்டார். "கடைப்பலகையில் அவ்வளவு கற்றவர் என்றால் முதல் படமே ஏன் ஊத்திக்கொண்டது?" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. முதல் படம் மட்டுமா? அல்லி அர்ஜுனா, இரத்னாவளி இரண்டும் 1935இல் வந்தன, இரண்டும் விழுந்தன. அல்லி அர்ஜுனாவைக் கல்கத்தாவுக்குப் போய் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் அதுதான் நிலைமை. 1931இல் வந்த தமிழின் முதல் பேசும்படமே பம்பாயில் எடுத்ததுதான். நம்ம பர்மாவிலும் அதே கதை. 1920இலேயே இங்கே மௌனப்படம் எடுத்துவிட்டார்கள், ஆனால் 1932இல் பேசும்படம் எடுக்கப் பம்பாய்க்குக் கப்பலேற வேண்டியிருந்தது.

பிறர் ஊரில், பிறர் ஸ்டூடியோவில், வாடகைக் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும்போது எடுக்கிற படம். நடிகர்களுக்குச் சாப்பாடு, தங்க இடம், ரயில் செலவு, பாஷை தெரியாத தொழிலாளிகள். ஒரு காட்சி சரியில்லையென்றால் மறுபடி எடுக்க வழியில்லை. கடையில் ஒரு தட்டு சரியில்லையென்றால் மறுபடி பதிவு செய்யலாம், கல்கத்தாவில் அது முடியாது. பின்னாளில் அவர் சொந்த ஸ்டூடியோ சொந்த ஸ்டூடியோ என்று பிடிவாதமாக நின்றதற்கு அந்த இரண்டு அடியும்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

விழுந்தவர் விட்டுவிடவில்லை. பெங்களூரில் தியேட்டர் வைத்திருந்த ஜயந்திலாலோடு சேர்ந்து பிரகதி பிக்சர்ஸ் தொடங்கினார். 1938இல் நந்தகுமார். டி.ஆர். மகாலிங்கம் சின்னப் பையனாக அறிமுகமான படம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் நாடி அங்கேதான் இருக்கிறது.

10 ஜனவரி 2019

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். "மறுபடி எடுக்க வழியில்லை" என்பதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. என் சொந்த அனுபவம்.

2003இல் என்று நினைவு, ஒரு கோயில் விழாவுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குப் போனேன். ஆம்ப்ளிஃபையர் என்னுடையது இல்லை, வேறொருவரிடம் வாங்கிக்கொண்டு போனது. சுவாமி புறப்பாட்டின்போது அது கரகரத்து நின்றது. என்னுடையதாக இருந்தால் அதன் குணம் எனக்குத் தெரியும், தட்ட வேண்டிய இடத்தில் தட்டியிருப்பேன். இரவல் மெஷினை எங்கே தொடுவது? நாதஸ்வரக்காரர் ஒலிபெருக்கி இல்லாமலே ஊதிக்கொண்டு போனார். நான் அன்றைக்குக் கூலி வாங்கவில்லை. அடுத்த வருஷம் கடன் வாங்கிச் சொந்தமாக ஒன்று வாங்கினேன். இரவல் கருவியோடு தொழில் செய்தவனுக்குத்தான் செட்டியாரின் 1935 புரியும்.

12 ஜனவரி 2019, சனி

இன்று கடை அரை நாள். உட்கார்ந்து எழுதுகிறேன்.

நந்தகுமாரில் ஒரு நடிகைக்குப் பாட வரவில்லை. அந்தக் காலத்தில் பாடத் தெரியாதவர் நடிக்க முடியாது. கேமரா முன்னால் நின்று பாட வேண்டும், அதே நேரத்தில் ஒலிப்பதிவு. செட்டியார் என்ன செய்தார்? லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகியை வைத்துப் பாட்டைத் தனியாகப் பதிவு செய்து, நடிகையை வாயசைக்க வைத்தார். தமிழ்ப் படத்தில் பின்னணிப் பாடலின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். குரலைத் தனியாக, முகத்தைத் தனியாக நினைத்துப் பார்க்க யாரால் முடியும்? முகமே இல்லாத குரலை வருஷக்கணக்கில் விற்றவரால் முடியும். தட்டில் ஏது முகம்?

அடுத்தது 1943, 44. கன்னடத்தில் ஹரிச்சந்திரா எடுத்தார். போர்க்காலம். கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு, படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு. தமிழுக்கு இன்னொரு முறை எடுப்பதற்குப் பதிலாக, அதே படத்துக்குத் தமிழ்க் குரலைப் பொருத்தி 1944இல் வெளியிட்டார். இந்தியாவின் முதல் மொழிமாற்றுப் படம் என்று அதைச் சொல்வார்கள். மறுபடி பாருங்கள்: படம் அங்கேயே இருக்கிறது, குரல் மட்டும் மாறுகிறது.

அடுத்தது 1945, ஸ்ரீவள்ளி. குமாரி ருக்மணி வள்ளி, மகாலிங்கம் முருகன். படத்தை எடுத்த பிறகு வள்ளியின் பாட்டுகளைக் கேட்டுப் பார்த்தார், காதுக்குப் பிடிக்கவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, முன்பு எடுத்த உதட்டசைவுக்கு அந்தக் குரலைப் பொருத்தினார். என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று மைக்செட் வேலை செய்கிற எனக்குத் தெரியும். பாட்டுக்கு வாயசைப்பது ஒரு வேலை. அசைந்து முடிந்த வாய்க்குப் பாடுவது அதைவிடப் பத்து மடங்கு வேலை. அரை மாத்திரை பிந்தினால் பொய் தெரிந்துவிடும்.

அடுத்தது 1947 பொங்கலுக்கு வந்த நாம் இருவர். பாரதியாரின் பாடல்களைப் பதிவு செய்யும் உரிமையை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்பே, சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்ற பாட்டு டி.கே. பட்டம்மாளின் குரலில், குமாரி கமலாவின் ஆட்டத்தோடு, கொட்டகைகளில் கேட்டது.

இவற்றையெல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே ஒன்று தெரிந்தது. அவர் "முதல் முதலாக" என்று செய்தவற்றில் பெரும்பாலானவை ஒலியில் நடந்தவை. கேமராவில் அவர் புதுமை தேடினார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. படம் எடுக்க வந்த பிறகும் அவர் இசைத்தட்டுக்காரராகவே இருந்தார். கண்ணுக்கு முன்னால் காது.

12 ஜனவரி 2019, இரவு

ஒரு திருத்தம். மேலே எழுதுமுன் மோல்மேன் தம்பிக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன், அதில் ஸ்ரீவள்ளி காரைக்குடியில் எடுத்த படம் என்று சொல்லிவிட்டேன். தவறு. ஸ்ரீவள்ளி பிரகதி காலத்துப் படம். ஏ.வி.எம். என்ற பெயரில் நிறுவனம் பிறந்தது 1945 அக்டோபர் 14. அப்புறம்தான் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டார். நாம் இருவர்தான் அங்கே எடுத்தது. 1948இல் கோடம்பாக்கத்துக்கு வந்துவிட்டார். தம்பி, பழைய செய்தியை அழித்துவிடுங்கள்.

13 ஜனவரி 2019

பாரதி உரிமையைப் பற்றி ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார், "மகாகவியின் பாட்டை ஒருத்தர் பூட்டி வைத்தது சரியா?" என்று. சரியில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் பில்ஹணன் படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது, உரிமை என்னிடம் இருக்கிறது என்று செட்டியார் சட்டப்படி தடுக்கப் பார்த்தார். பாரதி பாடல்கள் நாட்டுக்கே சொந்தமாக வேண்டும் என்ற குரல் அதற்கு அப்புறம்தான் ஓங்கியது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு கேட்டபோது, செட்டியார் ஒரு காசும் வாங்காமல் உரிமையைக் கொடுத்துவிட்டார்.

கணக்குப் பார்த்து வாங்கினவர், கணக்குப் பார்த்து மறித்தவர், கொடுக்கும்போது கணக்குப் பார்க்கவில்லை. மூன்றும் ஒரே மனிதர். இரண்டாவதற்காக நான் வருத்தப்படுகிறேன், மூன்றாவதற்காகக் கும்பிடுகிறேன்.

14 ஜனவரி 2019

நாளை பொங்கல். 21ஆம் தேதி தைப்பூசம். குழாய், ஒயர், ஜெனரேட்டர் என்று இனி எனக்கு மூச்சுவிட நேரமில்லை. பராசக்தியைப் பற்றி எழுதுங்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பூசம் முடியட்டும்.

23 ஜனவரி 2019

காவடி நன்றாக நடந்தது. ஒலிபெருக்கி ஒருமுறைகூட இரையவில்லை. குரல்தான் போய்விட்டது, அதனால் எழுதுவது வசதி.

பராசக்தி. 1952 தீபாவளிக்கு வந்தது. நமக்கு இந்தப் படம் வேறு மாதிரி. கதை ரங்கூனில் தொடங்குகிறது. மூன்று அண்ணன் தம்பிகள் இங்கே பிழைக்கிறார்கள், தங்கை மதுரையில். கல்யாணத்துக்குப் போகக் கப்பலில் ஒருவனுக்குத்தான் இடம் கிடைக்கிறது. போர். மற்றவர்கள் பின்னால் நடந்து வருகிறார்கள், குண்டுவீச்சில் ஒருவனுக்குக் கால் போகிறது.

தமிழ்நாட்டில் படம் பார்த்தவர்களுக்கு அது கதையின் தொடக்கம். எங்கள் வீட்டில் அது கதையே இல்லை. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்கு அப்புறம் இங்கிருந்து நாலைந்து லட்சம் இந்தியர்கள் மலையும் காடும் தாண்டி நடந்தார்கள். தாத்தாவின் தம்பி அப்படி நடந்தவர். போய்ச் சேரவில்லை. பாட்டி கடைசிவரைக்கும் அவருக்கும் சேர்த்து ஒரு கை அரிசி போட்டாள்.

அப்பா இந்தப் படத்தை முதல் முறை பார்த்தபோது, ரங்கூன் வருகிற பகுதியிலேயே எழுந்து வெளியே வந்து வாசலில் நின்றுவிட்டாராம். உள்ளே வசனம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நீதிமன்றக் காட்சியைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காதால்தான் கேட்டார். "அப்பவே முழுப் படமும் பாத்த மாதிரிதான் இருந்துச்சு" என்று சொன்னார். கருணாநிதியின் வசனத்தைப் புத்தகமாகவும் வாங்கிப் படித்த காலம் அது. காதுக்காக எடுத்த படம் என்று நான் முன்னே சொன்னதற்கு இதைவிட வேறு சாட்சி என்னிடம் இல்லை.

24 ஜனவரி 2019

தட்டோன் அண்ணன் மறுபடி பிடித்துவிட்டார், அவருக்கு என் வணக்கம். "முகத்தைப் பார்த்தே கணிக்கிறவர் என்றீர்களே, சிவாஜியைக் கணிக்கத் தவறினாரே?"

உண்மை. பராசக்தி வேலூர் பி.ஏ. பெருமாள் முதலியாரின் நேஷனல் பிக்சர்ஸ் படம், ஏ.வி.எம். அதில் கூட்டு. புதுமுகம் கணேசனைப் பார்த்துச் செட்டியாருக்குத் திருப்தியில்லை. ஒல்லியாக இருக்கிறார், கே.ஆர். ராமசாமியைப் போடலாமே என்றார். பெருமாள் அசையவில்லை. இந்தப் பையன்தான் என்று நின்றார். உடம்பு தேறட்டும் என்று காத்திருந்து எடுத்தார்கள்.

பெருமாளும் வியாபாரிதான், படங்களை வாங்கி ஊர் ஊராக வெளியிட்டவர். ஆக இங்கே ஒரு வியாபாரி தவறினார், இன்னொரு வியாபாரி கண்டுபிடித்தார். அதுமட்டுமல்ல. தன் கருத்து தோற்ற பிறகும் செட்டியார் தன் ஸ்டூடியோவின் கதவைச் சாத்தவில்லை, முதலைத் திருப்பி எடுக்கவில்லை. கூட்டு என்றால் கூட்டுதான். கிட்டங்கியில் வளர்ந்த தாத்தா இதைக் கேட்டால் "அதுதான் மரியாதை" என்று சொல்லியிருப்பார். சிவாஜி கடைசிவரைக்கும் பெருமாளின் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போய் வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது நன்றி, கணக்கில் வராதது.

27 ஜனவரி 2019

மூன்று நாளாக ஒன்று உறுத்துகிறது. யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

காது, பாட்டு, இசைத்தட்டு என்று நான் கட்டிய கோட்டையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த நாள், 1954. எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டே கிடையாது. நடனம் கிடையாது. இசைத்தட்டு விற்று வளர்ந்த ஒருவர், பாட்டில்லாத படத்துக்கு ஏன் முதல் போட்டார்? அதிலிருந்து ஒரு தட்டுகூட விற்க முடியாதே! கடைக்காரப் புத்தியில் இதற்கு இடமே இல்லை.

படம் ஓடவில்லை. வெளியான சமயத்தில் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. பேரும் பாராட்டும் அப்புறம் வந்தன.

எனக்கு அகப்பட்ட விளக்கம் இது. முதலில் வேறொரு நடிகரை வைத்துப் பல ஆயிரம் அடி எடுத்தார்கள். செட்டியார் போட்டுப் பார்த்தார், பிடிக்கவில்லை. எடுத்ததை ஒதுக்கிவிட்டுச் சிவாஜியை வைத்து மறுபடி எடுக்கச் சொன்னார். இயக்குநருக்கே அதில் இஷ்டமில்லை. பாட்டில்லாத படம், ஓடுமோ ஓடாதோ என்று தெரியாத படம், அதற்கு இரண்டு முறை செலவு! லாபத்துக்காக மட்டும் எடுத்தவர் முதல் எடுப்பிலேயே முடித்து வெளியே தள்ளியிருப்பார். ஸ்ரீவள்ளியில் குரலை மாற்றினார், இங்கே ஆளையே மாற்றினார். கல்கத்தாவில் செய்ய முடியாததைச் சொந்த ஸ்டூடியோவில் செய்தார். சரக்கு தன் மனதுக்குச் சரியாக இருந்தால்தான் கடைக்குப் போகலாம் என்பது இசைத்தட்டைவிடப் பழைய பழக்கம்.

அதனால் என் கட்சியைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். காது என்று மட்டும் சொன்னது குறை. திருப்பிச் செய்வது என்று சொல்லியிருக்க வேண்டும். சரியில்லையென்றால் முதலிலிருந்து.

அந்தப் படம் 1943 அக்டோபரில் சென்னையில் குண்டு விழுந்த நாளை வைத்துத் தொடங்குகிறது. ஒரு குண்டு விழுந்த ஊரில் அவ்வளவு பயம் என்றால், இங்கே இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். சரி, அது வேறு பேச்சு.

2 பிப்ரவரி 2019

தம்பியின் முதல் கேள்வியின் பின்பாதிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "மற்றவர்கள் நெல்லுக்கும் நிலத்துக்கும் போட்டதை இவர் படத்துக்குப் போட்டார்."

நகரத்தார், அதாவது செட்டியார்கள், இங்கே நிலம் வாங்க வந்தவர்கள் இல்லை, கடன் கொடுக்க வந்தவர்கள். 1930 வாக்கில் 1,600க்கு மேல் கடைகள். கீழ் பர்மாவில் நெல் விளைந்த ஒவ்வொரு ஊரிலும் ஒரு கிட்டங்கி, அதோடு ஒரு தண்டாயுதபாணி கோயில். கடைசி நிலைப் பெட்டியடிப் பையனாக வந்து, உதவியாளரான அடுத்தாளாகி, கடைப் பொறுப்பான மேலாளாகி, மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊருக்குத் திரும்புவார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை விழுந்தது. கடன் வாங்கின விவசாயியால் திருப்ப முடியவில்லை. ஈடு வைத்த நிலம் செட்டியார் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்களிடம் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1938இல் 25 பங்கு. கேட்டது காசு, வந்தது வயல். அந்த வயல்தான் பர்மியர்களின் மனதில் ஆறாத புண்ணானது. நிலத்தை இழந்த குடும்பத்தின் பேரன் ஒருவன் எனக்கு நல்ல நண்பன், அதனால் இதை நான் ஒரு பக்கமாகப் பேச மாட்டேன்.

போர் வந்தது, நடந்தார்கள். 1948இல் சுதந்திரம், நிலச் சட்டம். 1962இல் ராணுவ ஆட்சி. 1964இல் கடைகள் தேசியமயம். அந்த மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதம். அப்பாவின் கடைக்கும் வந்தார்கள். தட்டுகளை எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பூட்டிச் சாவியை வாங்கிப் போனார்கள். எனக்கு ஆறு வயது. சித்தப்பா குடும்பம் கப்பலேறிப் போனது, இப்போது காரைக்குடி பர்மா காலனியில் இருக்கிறார்கள். நாங்கள் இருந்துவிட்டோம். பாட்டி வரமாட்டேன் என்றாள், நடந்து போன தாத்தாவின் தம்பி வந்தால் வீடு தெரிய வேண்டுமே என்று.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? காரைக்குடி வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண் நிற்கிறது, அந்தத் தேக்கை வாங்கின முதல் இங்கே மண்ணோடு போயிற்று. அதே ஊரில், அதே சமூகத்தில், அதே 1930களில் ஒரு இளைஞன் முதலைக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றில் போட்டான். ஒலியில். நிலத்தை எடுத்துக்கொள்ளலாம், நோட்டைச் செல்லாது என்று சொல்லலாம். எங்கள் கடையைப் பூட்டினார்களே, அப்பா அதற்கு அப்புறமும் குளிக்கும்போது நாம் இருவர் பாட்டைப் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

"படத்துக்குப் போட்டார், அவ்வளவுதானே" என்று கேட்டீர்கள். இல்லை தம்பி. ரொம்பத் தைரியம் வேண்டும் அதற்கு.

4 பிப்ரவரி 2019

மோல்மேன் தம்பி பதில் போட்டிருக்கிறார், "அண்ணே, நான் கேட்டது ஒரு வரி, நீங்க கொடுத்தது ஒரு கிட்டங்கி." சிரித்துவிட்டேன். சரி தம்பி, வட்டி வேண்டாம்.

ஒன்று விட்டுப்போனது. 1949இல் வாழ்க்கை எடுத்தார், வைஜெயந்திமாலாவுக்கு முதல் படம். அதையே தெலுங்கில் ஜீவிதம், இந்தியில் பஹார். ஒரே கதை மூன்று சந்தையில், மூன்றிலும் அதே பெண். இதை வேண்டுமானால் சுத்தமான வியாபாரம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

10 பிப்ரவரி 2019

ஒரு சந்தோஷமான செய்தி. பரண்மேல் இருந்த அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். 1964இல் அவர் வேட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்த நாலு தட்டுகள் அதில் இருக்கின்றன என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நாலும் இருந்தன. இரண்டு உடைந்துவிட்டன. ஒன்றின் நடுவில் இருக்கிற காகிதத்தில் "ஓடியன்" என்று தெரிகிறது. சரஸ்வதி ஸ்டோர்ஸ் தட்டாக இருக்க வேண்டும். செட்டியார் விற்ற தட்டு, அப்பா விற்ற தட்டு, என் கையில்! கை நடுங்கியது.

11 பிப்ரவரி 2019

மின்சாரம் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் மறுபடி பார்த்தேன். ஓடியன் என்று இருப்பது உடைந்த தட்டுகளில் ஒன்று. முழுசாக இருக்கிற இரண்டும் வேறு கம்பெனி. நேற்று ஆர்வத்தில் தப்பாகப் பார்த்துவிட்டேன். வாழ்த்துச் சொன்னவர்கள் மன்னியுங்கள்.

உடைந்ததிலும் ஒரு துண்டு பெரிதாகவே இருக்கிறது. முக்கால் வட்டம்.

17 பிப்ரவரி 2019

இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். பள்ளங்கள் நேராகப் பொருந்துகின்றன, ஓரத்தில் மட்டும் அரிசியளவு சில்லு போய்விட்டது. பின்பக்கம் பசை போட்டு ஒட்டினால் முன்பக்கம் ஒருமுறையாவது ஓடும் என்று தோன்றுகிறது. 78 சுற்றில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம்தான். மெஷின் என்னிடம் இருக்கிறது, ஊசியும் இருக்கிறது. செல்லில் பதிவு செய்துவிடலாம்.

அரக்குத் தட்டை ஒட்டின அனுபவம் யாருக்காவது உண்டா? எந்தப் பசை, எவ்வளவு நேரம் அழுத்தி வைக்க வேண்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதுவரைக்கும் கை வைக்க மாட்டேன்.